முதல் குண்டின் கணக்கு

(கடலூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வெள்ளை வால் மான் பக்கவாட்டில் நிற்கும்போது, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே இதயமும் நுரையீரலும் அடங்கியிருக்கும் இடம் ஏறக்குறைய 8 அங்குலக் குறுக்களவுள்ள ஒரு வட்டம். அதற்குள் ஈயக்குண்டு பாய்ந்தால் மான் கொஞ்ச தூரம் ஓடிச் சில நொடிகளில் விழுந்துவிடும். குண்டு ஓர் அரையடி பின்னால் தள்ளிப்போய் வயிற்றில் பட்டால், புதருக்குள் போய்ப் படுத்து மணிக்கணக்கில் சாகும். சுட்டவர் கண்ணில் படாமலே செத்துப்போவதும் உண்டு. துப்பாக்கியைக் காட்டுக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் அதன் குறியைச் சோதிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இந்த அரையடிக்காகத்தான்.

இன்று பேசப்போவது குழலின் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் ரைஃபிளைப் பற்றி. நம் மலையோர ஊர்களில் நாட்டுத் துப்பாக்கி என்பார்களே, அந்தக் குடும்பம். ஆனால் குழலுக்குள் திருகாணி போலப் புரி வெட்டியிருக்கும். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டை குற்றம். அந்தச் சட்டம் அப்படியே நிற்க வேண்டும் என்பதுதான் என் விருப்பமும். நான் சொல்லும் காடுகள் அமெரிக்காவின் கிழக்கில், குறிப்பாகப் பென்சில்வேனியாவில் இருக்கின்றன. அங்கே ஓநாயையும் மலைச்சிங்கத்தையும் அழித்து நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. தடுக்க ஆளில்லாமல் பெருகிய மான்கள் ஓக், மேப்பிள் கன்றுகளைத் தலையெடுக்க விடாமல் தின்கின்றன. அதனால் மாநில அரசே உரிமம் கொடுத்து, பருவம் குறித்து, எத்தனை மான் என்று வரையறுத்து வேட்டையை நடத்துகிறது. 1974 முதல் சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கென்றே அங்கு தனிப் பருவம் உண்டு. இப்போது அது கிறிஸ்துமஸ் முடிந்ததும் தொடங்கி ஜனவரிக்குள் நீள்கிறது. கல்லும் எஃகும் உரசி வரும் பொறிதான் மருந்தைப் பற்றவைக்க வேண்டும். அங்கே வேலை பார்த்த காலத்தில் இந்த வேட்டைக்காரர்களோடு பழகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. சுடுதிடல்களில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, தாள்களில் விழுந்த துளைகளை அளந்துகொடுப்பது என் வேலையாகிப் போனது. நான் இயற்பியல் படித்தவன் என்பதால் அவர்களே கேட்டுக்கொண்டார்கள்.

இந்தத் துப்பாக்கியை எப்படிக் கெட்டிக்கிறார்கள் என்பதை விவரமாகச் சொல்ல வேண்டும். முதலில் அளவுக் குழாயில் கரிமருந்தை அளந்து குழலின் வாயில் கொட்டுகிறார்கள். வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற பழைய விகிதம்தான். அளவைக் கிரெய்னில் சொல்வார்கள். 15 கிரெய்னுக்குச் சற்று மேலே போனால் ஒரு கிராம். அரை அங்குலக் குழலுள்ள ரைஃபிளுக்கு 60 முதல் 90 கிரெய்ன் வரை பலரும் போடும் அளவு. அதற்கு மேல் மெழுகோ மாட்டுக் கொழுப்போ தடவிய கெட்டிப் பருத்தித் துணித்துண்டு. துணியின் மேல் 0.490 அங்குல ஈய உருண்டை. உருண்டை குழலைவிட நூலளவு சிறியது. அந்த இடைவெளியைத் துணி அடைத்துக்கொண்டு, புரியைப் பற்றி, உருண்டையைச் சுழற்றி அனுப்புகிறது. கடைசியில் சலாகையால் உருண்டையை இறக்கி, மருந்தின் மேல் அது உட்காரும்வரை அழுத்த வேண்டும். நடுவில் வெற்றிடம் விட்டால் குழல் வீங்கலாம், வெடிக்கவும் செய்யலாம். அதனால் சலாகையில் ஒரு கோடு கீறி வைத்திருப்பார்கள். கோடு குழல்வாயோடு ஒட்டி நிற்கவில்லையென்றால் துப்பாக்கியைச் சுடக்கூடாது.

தோட்டாத் துப்பாக்கியில் தொழிற்சாலை செய்து தரும் வேலை முழுவதும் இங்கே சுடுபவர் கையில் இருக்கிறது. மருந்தின் அளவு, மருந்துக் குருணையின் பருமன், துணியின் தடிமன், தடவிய பசை, உருண்டையின் விட்டம், சலாகையை அழுத்திய பலம் என்று எதை மாற்றினாலும் குண்டு விழும் இடம் மாறும். ஒரே பட்டறையில் பிறந்த இரண்டு துப்பாக்கிகள்கூட ஒரே மருந்தை விரும்புவதில்லை. ஆகவே ஒவ்வொரு ரைஃபிளுக்கும் அதற்குரிய சேர்மானத்தைச் சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிறர் சொன்ன அளவு தொடக்கத்துக்கு உதவும், அவ்வளவுதான்.

துப்பாக்கியை ஊகத்திலிருந்து மீட்டு அளவைக்குள் கொண்டுவந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ். இந்தப் பெயரைக் கடலூரில் நின்று சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. 1707இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்த கணித அறிஞர் அவர். 1742இல் பீரங்கிக் கலையின் புதிய கோட்பாடுகள் என்ற நூலை வெளியிட்டார். மூன்றே ஆண்டுகளில், மாபெரும் கணிதமேதை ஆய்லர் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து, மூலத்தைவிடப் பல மடங்கு நீண்ட விளக்கவுரையோடு வெளியிட்டார். அதற்கு முன்னால் குண்டின் வேகத்தை நேரடியாக அளக்க யாருக்கும் வழி தெரியாது. ராபின்ஸ் கனமான மரப்பலகையை ஊசலாகத் தொங்கவிட்டு அதில் குண்டைச் சுட்டார். குண்டு பதிந்ததும் ஊசல் எவ்வளவு பின்னால் போனது என்பதை ஒரு நாடா காட்டிவிடும். பலகையின் எடையும் குண்டின் எடையும் தெரியும். மீதி, நியூட்டன் சொல்லிக்கொடுத்த கணக்கு.

அந்த ஊசலைத் துப்பாக்கிக்கு அருகிலும் தொலைவிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தபோதுதான் அதிர்ச்சியான செய்தி வெளிவந்தது. காற்று தடுப்பது அற்பம் என்று அதுவரை பலரும் எண்ணியிருந்தார்கள். வேகமாகப் போகும் துப்பாக்கிக் குண்டின் மேல் காற்றின் தடை, குண்டின் எடையைப்போல நூறு மடங்குக்கு மேல் இருப்பதை ராபின்ஸ் காட்டினார். ஒலியின் வேகத்தை ஒட்டி அந்தத் தடை திடீரென்று எகிறுவதையும் கவனித்தார். மெல்லிய தாள் திரைகளை வரிசையாகத் தொங்கவிட்டுச் சுட்டு, புரியில்லாத குழலிலிருந்து போகும் உருண்டை பக்கவாட்டில் வளைந்து போவதையும் துளைகளைக் கொண்டே நிரூபித்தார். குழலுக்குள் எங்கேயோ உரசிக் கண்டபடி சுழல்வதுதான் காரணம். புரி வெட்டினால் சுழற்சி ஓர் ஒழுங்குக்கு வரும். புரிக்குழல் பற்றிய கட்டுரையை 1747இல் ராயல் சொசைட்டியில் வாசித்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தலைமைப் பொறியாளராக நியமித்துக் கோட்டைகளைச் சீராக்க அனுப்பியது. 1750இல் இந்தியா வந்தார். மறு ஆண்டு ஜூலை 29 அன்று, இந்த ஊர்த் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலால் இறந்தார். இந்தக் கடற்கரைக்கு எத்தனையோ கப்பல்கள் எத்தனையோ பேரைக் கொண்டுவந்து இறக்கியிருக்கின்றன. அவர்களில் நம் பிள்ளைகளுக்கு முதலில் அறிமுகம் செய்ய வேண்டியவர் இவர் என்பேன்.

ராபின்ஸ் கண்டது இன்றைய மான் வேட்டைக்காரருக்கு என்ன சொல்கிறது? நான் குறிப்பிட்ட அந்த ஈய உருண்டை, நல்ல அளவு மருந்தோடு கிளம்பும்போது நொடிக்கு 1900 அடி வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உருண்டை வடிவம் காற்றைக் கிழிப்பதில் மிக மோசமானது. 100 கஜம் போவதற்குள் வேகம் 1100 அடி அளவுக்கு இறங்கிவிடும். மருந்தைக் குறைத்து 1600 அடியில் அனுப்பினால்? தொடக்கத்தில் இருந்த 300 அடி வித்தியாசம் 100 கஜத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். கூடுதல் மருந்தில் பெரும்பகுதியைக் காற்று தின்றுவிடுகிறது. தோளில் விழும் உதை மட்டும் முழுதாக மிஞ்சுகிறது. குறி சிதறுவதும் பெரும்பாலும் அந்த உச்ச அளவில்தான். எனவே அதிகமாகப் போட்டால் அதிகத் தூரம் என்று நினைப்பவர்களிடம் நான் ராபின்ஸின் பெயரைச் சொல்லத் தயங்கியதில்லை.

பக்கக் காற்று இன்னும் கடுமையானது. மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, என் கணக்கில், அந்த உருண்டையை 50 கஜத்தில் 2 அங்குலத்துக்குச் சற்று மேல் தள்ளும். 100 கஜத்தில் ஏறக்குறைய 10 அங்குலம் தள்ளும். தூரம் இரண்டு மடங்கு, விலகல் நாலு மடங்குக்கும் மேல்! முகத்தில் இதமாகப் படும் காற்றுதான் அது. 50 கஜத்தில் நெஞ்சுக்குள் விழுந்திருக்க வேண்டிய குண்டை 100 கஜத்தில் அது வயிற்றுக்குக் கொண்டுபோய்விடும். 50 கஜத்துக்கு நேர்செய்த குறிமுள் 100 கஜத்தில் நாலு அங்குலத்துக்கு மேல் தாழ்வாகக் காட்டுவதையும் சேர்த்துக்கொண்டால், கிழக்குக் காட்டு வேட்டைக்காரர்கள் ஏன் 50, 60, 75 கஜம் என்று பேசுகிறார்கள் என்பது புரியும்.

இனித் தாளில் விழும் துளைகளுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்தப் பகுதி.

சுடுதிடலில் வழக்கம் என்னவென்றால், மூன்று குண்டு சுடுவார்கள். மூன்றும் நெருங்கி விழுந்தால் இதுதான் நல்ல மருந்து என்று அளவைக் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நண்பர்களிடம் காட்டுவதும் உண்டு. அந்த மூன்று துளைகளுக்கு எவ்வளவு மதிப்பு? ஒரு கற்பனைத் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். எல்லாக் குண்டும் குறிமையத்தைச் சுற்றி இயல்பாகச் சிதறுகின்றன; நூறு குண்டு சுட்டால் 95 குண்டு அந்த 8 அங்குல வட்டத்துக்குள் விழுகிறது. வேட்டைக்குப் போதுமான துப்பாக்கி. இதை வைத்து மூன்று மூன்று குண்டாகச் சுட்டு, ஒவ்வொரு தொகுதியிலும் மிகத் தள்ளி விழுந்த இரண்டு துளைகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அளந்தால், சராசரி ஏறத்தாழ 4 அங்குலம் வரும். ஐந்தைந்தாகச் சுட்டால் 5 அங்குலம். பத்துப் பத்தாகச் சுட்டால் 6 அங்குலத்தைத் தாண்டும். துப்பாக்கி மாறவில்லை, மருந்து மாறவில்லை, காற்றும் மாறவில்லை. எண்ணிக்கை கூடக்கூட ஓரத்துக் குண்டுகள் வெளியே வருகின்றன, அவ்வளவே.

இன்னொன்றும் கவனியுங்கள். மூன்று குண்டுத் தொகுதியின் சராசரி 4 அங்குலம் என்றாலும், ஒரு தடவை இரண்டரை வரும், மறு தடவை ஐந்தரை வரும். இரண்டுமே சாதாரணம். 70 கிரெய்னுக்கு இரண்டரை வந்தது, 80 கிரெய்னுக்கு ஐந்தரை வந்தது, எனவே 70 தான் சிறந்தது என்று ஒருவர் முடிவுகட்டினால் அவர் அதிர்ஷ்டத்தைத்தான் அளந்திருக்கிறார். இரண்டு சேர்மானத்துக்கும் உண்மையில் வேறுபாடே இல்லாமல் இருக்கலாம். மிக நன்றாக விழுந்த தொகுதியைத் தேர்ந்தெடுத்துக் காட்டுவது, பத்துப் பரீட்சை எழுதி ஒன்றின் மதிப்பெண்ணை மட்டும் காட்டுவதற்குச் சமம். அந்த மடித்த தாளை நம்பிக் காட்டுக்குள் போவது மானுக்குச் செய்யும் அநியாயம்.

பிரிட்டிஷ் ராணுவம் இதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே புரிந்துகொண்டது. 1853இல் கென்ட் கடற்கரையில் ஹைத் என்ற ஊரில் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள். அங்கே குண்டுகள் விழுந்த இடங்களின் நடுப்புள்ளியைக் கண்டுபிடித்து, அதிலிருந்து ஒவ்வொரு குண்டும் எவ்வளவு விலகியது என்று அளந்து, எல்லாவற்றுக்கும் சராசரி எடுப்பார்கள். எந்தக் குண்டையும் ஒதுக்க முடியாது. எந்தக் குண்டும் தனியாக ஆட்சி செய்யவும் முடியாது. 1857இல் ஜோசப் விட்வொர்த் தன் அறுகோணக் குழல் ரைஃபிளை அங்கே கொண்டுவந்தபோது, 500 கஜத்தில் அந்தச் சராசரி விலகல் நாலரை அங்குலத்துக்குள் நின்றது. எதிரே நின்ற எண்ஃபீல்ட் ரைஃபிளுக்கு அது இரண்டேகால் அடி அளவு. கொழுப்புத் தடவிய தோட்டா விவகாரத்தில் நம் வரலாற்றுப் பாடத்துக்குள் அதே ஆண்டு நுழைந்த எண்ஃபீல்டும் இதுதான். இரண்டுமே வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிகள். வேறுபாடு குழலின் குறுகலிலும் புரியின் முறுக்கத்திலும் குண்டின் வடிவத்திலும் இருந்தது.

இந்தச் சராசரி முறையை ஒரு வேட்டைக்காரரும் கையாளலாம். அளவுகோலும் பென்சிலும் போதும். ஐந்து ஐந்தாகச் சில தொகுதிகள் சுட்டு, எல்லாத் தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எல்லாத் துளைகளையும் ஒரே தாளுக்கு மாற்றினால் துப்பாக்கியின் உண்மைச் சுபாவம் தெரிந்துவிடும். தொகுதியின் அகலத்தைப் பார்க்கிற கண், அதன் நடுப்புள்ளி எங்கே விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நான் சொன்ன கற்பனைத் துப்பாக்கியின் குறி மையத்திலிருந்து 2 அங்குலம் மட்டும் விலகியிருக்கட்டும். வட்டத்துக்குள் விழும் குண்டு நூற்றுக்கு 95இலிருந்து 82ஆகக் குறைந்துவிடும். தவறுபவை 5இலிருந்து 18 ஆகின்றன. தொகுதியைக் கால் அங்குலம் சுருக்க வாரக்கணக்கில் பாடுபடுகிறவர்கள், பின்குறியை இலேசாகத் தட்டி நகர்த்த ஐந்து நிமிடம் செலவழித்தால் மானுக்கு அதிக நன்மை.

சுடுமேசையில் உட்கார்ந்து செய்யும் வேலையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மணல்மூட்டையில் முன்கட்டையைத் தாங்கவைத்து 50 கஜத்தில் தொடங்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மருந்தைக் கூட்டுவதென்றால் ஐந்து ஐந்து கிரெய்னாக, அதுவும் துப்பாக்கி செய்தவர் விதித்த உச்ச அளவுக்குள். புகையில்லாத நவீன மருந்தை இந்தக் குழலில் போடவே கூடாது. குழல் வெடித்துக் கையும் கண்ணும் போயிருக்கின்றன. சுட்ட பிறகு முன்னால் நடந்துபோய்ப் புல்லில் கிடக்கும் துணித்துண்டுகளைப் பொறுக்கி வர வேண்டும். பழக்கமில்லாதவர்கள் இதைச் செய்வதில்லை. துணி முழுதாக, நடுவில் கறுத்து, ஓரம் மட்டும் இழை பிரிந்து கிடந்தால் சேர்மானம் சரி. நடுவில் எரிந்து ஓட்டை விழுந்திருந்தால் துணி மெலிது அல்லது தளர்ச்சி. நெருப்பு உருண்டையைத் தாண்டிப் போகிறது. கத்தியால் வெட்டியது போலக் கீறல் இருந்தால் புதுக் குழலின் புரிமுனையோ குழல்வாயோ கூராக இருக்கிறது. தாளில் துளை என்ன ஆயிற்று என்று சொல்லும். ஏன் ஆயிற்று என்று துணிதான் சொல்லும்.

அடுத்தது அழுக்கு. கரிமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாக மிஞ்சுகிறது. கொஞ்சம் புகையாகப் போகும், கொஞ்சம் குழலுக்குள் படியும். அந்தப் படிவு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரநாளில் சேறாகவும் வறண்ட நாளில் பொருக்காகவும் மாறும். இரண்டாவது உருண்டையை இறக்கும்போதே சலாகை இறுகும். நாலாவது, ஐந்தாவதில் அழுத்தும் பலம் மாறுவதால் குண்டும் இடம் மாறும். அதனால் ஒவ்வொரு குண்டுக்கும் இடையில் ஈரத்துணி ஒன்று, காய்ந்த துணி ஒன்று விட்டுக் குழலைத் துடைக்கிறார்கள். பெட்ரோலிய எண்ணெய் வேண்டாம். அது கரிமருந்தோடு சேர்ந்து தார் போலப் பிடித்துக்கொள்ளும்.

இப்படித் துடைத்துத் துடைத்துச் சுட்ட தொகுதி அழகாக இருக்கும். ஆனால் காட்டில் நடப்பது வேறு. வேட்டைக்காரர் வீட்டில் எண்ணெய் பூசி வைத்திருந்த துப்பாக்கியை எடுக்கிறார், விடிவதற்கு முன்னால் கெட்டிக்கிறார், பனியில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார். மான் வந்தால் ஒரே ஒரு குண்டு. இன்னொரு குண்டு கெட்டிப்பதற்குள் மான் மலையைத் தாண்டியிருக்கும். அந்த ஒரு குண்டு, குளிர்ந்த குழலிலிருந்து, சுத்தமான குழலிலிருந்து போகும் முதல் குண்டு. சுடுதிடலில் சூடான, இலேசாக அழுக்கேறிய குழலில் கிடைத்த தொகுதிக்கும் இதற்கும் பல துப்பாக்கிகளில் இரண்டு மூன்று அங்குலம் வித்தியாசம் இருக்கும். குழலின் அடியில் கொஞ்சம் எண்ணெய் மிஞ்சியிருந்தால் மருந்து நனைந்து, வேகமும் குறையும், சில நேரம் பற்றாமலே போகும்.

ஆகவே நான் பழகிய வேட்டைக்காரர்களிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். ஒரு புதுத் தாளை எடுத்து வையுங்கள். ஒவ்வொரு முறை திடலுக்கு வரும்போதும், வீட்டிலிருந்து வந்த நிலையிலேயே துப்பாக்கியை எடுத்து, எண்ணெயைச் சாராயத்தில் நனைத்த துணியால் துடைத்து, வேட்டை நாளில் எப்படிக் கெட்டிப்பீர்களோ அப்படியே கெட்டித்து, அந்தத் தாளில் ஒரே ஒரு குண்டு சுடுங்கள். தேதியையும் குளிரையும் ஓரத்தில் எழுதிச் சுருட்டி வைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு எத்தனை குண்டு வேண்டுமானாலும் வேறு தாள்களில் சுடலாம். கோடையிலிருந்து பனிக்காலம் வரை இப்படிச் சேரும் துளைகள்தான் மானைப் பார்க்கப்போகும் குண்டின் வரலாறு. சிலர் எத்தனையோ வருடம் வேட்டையாடியும் அந்தத் தாளைப் பார்த்ததில்லை. முதல் குண்டைச் சூடேற்றும் குண்டு என்று சொல்லிக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். கணக்கில் இருக்க வேண்டிய ஒரே குண்டு அதுதான் என்று சொன்னால், பெரும்பாலோர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள்.

சுடும் நிலையும் அப்படித்தான். காட்டில் மேசை இல்லை, மணல்மூட்டை இல்லை. மரத்தில் முதுகைச் சாய்த்து, முழங்காலில் முழங்கையை ஊன்றித்தான் சுட வேண்டும். சக்கிமுக்கித் துப்பாக்கியில் இன்னொரு சோதனையும் இருக்கிறது. விசையை இழுத்ததும் கல் எஃகில் உரசி, பக்கத்துக் கிண்ணத்திலுள்ள மருந்து கண்ணுக்கெதிரே பளிச்சென்று எரிந்து, அந்த நெருப்பு துளைவழியாக உள்ளே போய், அதற்குப் பிறகே பெருமருந்து வெடிக்கும். காதால் பிரித்துக் கேட்கக்கூடிய தாமதம் அது. அந்த இடைவெளியில் முகத்தைச் சுளித்தாலோ தலையைத் தூக்கினாலோ குழல் நகர்ந்துவிடும். மேசையில் 3 அங்குலத்துக்குள் சுட்ட கை, மரத்தடியில் உட்கார்ந்தால் 6, 7 அங்குலம் காட்டுவதை நான் பலமுறை அளந்திருக்கிறேன். வேட்டைக்குரிய எல்லையை முடிவுசெய்ய வேண்டியது இந்த இரண்டாவது எண்ணை வைத்துத்தான்.

1985இல் மிசௌரி மாநிலத்தில் டோனி நைட் உருவாக்கிய புதுவகைத் துப்பாக்கிக்குப் பிறகு நிலைமை நிறைய மாறிவிட்டது. பற்றவைப்பு குழலுக்கு நேர் பின்னால் வந்தது. புரியின் முறுக்கம் இறுக்கமானது. உருண்டைக்கு 66 அங்குலத்துக்கு ஒரு சுற்றுப் போதுமென்றால், பிளாஸ்டிக் உறைக்குள் வரும் நீளக் குண்டுக்கு 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும். தொலைநோக்கி பொருத்தி 200 கஜம் வரை சுடுகிறார்கள். கொலராடோ மாநிலம் தன் வாய்வழித் துப்பாக்கிப் பருவத்தில் தொலைநோக்கியையும் அந்தப் பிளாஸ்டிக் உறையையும் மாத்திரை வடிவக் கரிமருந்தையும் அனுமதிப்பதில்லை. அருகில் போக வேண்டிய வேட்டை அருகில் போகும் வேட்டையாகவே இருக்கட்டும் என்ற அந்த எண்ணம் எனக்குச் சரியாகப் படுகிறது. எந்தத் துப்பாக்கியானாலும் முதல் குண்டுத் தாளுக்கு விலக்கு இல்லை. நீளக் குண்டுக்கும் குளிர்ந்த குழல் உண்டு, பக்கக் காற்று உண்டு, பதறும் கை உண்டு.

கடைசியாக, தூரத்தை எப்படி முடிவுசெய்வது என்று கேட்பீர்கள். வேட்டை நிலையில், முதல் குண்டாக, 50 கஜத்தில் சுட்ட பத்துத் துளைகளில் பத்தும் 8 அங்குல வட்டத்துக்குள் இருந்தால் 60க்குப் போய்ப் பாருங்கள், பிறகு 75க்கு. எந்தத் தூரத்தில் ஒன்று வெளியே போகிறதோ அதற்கு முந்தைய தூரம் உங்கள் எல்லை. அந்த எண்ணைத் துப்பாக்கியின் கட்டையில் ஒட்டிவைக்கலாம்; வெட்கப்பட எதுவும் இல்லை. மருந்து டப்பா மாறினாலும், துணி வாங்கிய சுருள் மாறினாலும், கல்லை மாற்றினாலும் புதுத் தாள் தொடங்க வேண்டும். 50 கஜத்திலேயே ஒன்று வெளியே போனால் அந்த ஆண்டு 30 கஜத்துக்குள் வரும் மானுக்காகக் காத்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் உரிமச் சீட்டை அப்படியே வைத்துக்கொண்டு அடுத்த பருவத்துக்குப் பயிற்சி செய்யலாம்.